கன்வர்ட்டர் மீது விழுந்த பழி

மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில், புகையின் நச்சை நீக்கப் பொருத்தப்பட்டிருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை அறுத்தெடுத்துவிட்டால் வண்டியின் சப்தம் கம்பீரமாகும், உஷ்ணம் தணியும், வேகம் கூடும் என்கிற அபிப்பிராயம் நம் நாட்டுப் பட்டறைகளில் வேரூன்றி நெடுநாளாயிற்று. புதிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் இளைஞரிடம், "கேட்டை எடுத்துடலாம் தம்பி, பிக்கப் நல்லா ஏறும்" என்று பரிவோடு யோசனை சொல்லும் மெக்கானிக்குகள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் அதை ஏமாற்றும் எண்ணத்துடன் சொல்வதில்லை. தாம் தொழில் கற்றவரிடம் கேட்டதை, அவரும் தம் கையால் கண்டறிந்ததை, அப்படியே சொல்கிறார்கள். ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்த ஓர் அனுபவம், அந்த அனுபவத்தைத் தந்த யந்திரங்கள் வீதியிலிருந்து மறைந்த பிறகும் வாய்மொழியாக வாழ்ந்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கருவியின்மீது பழியாகப் படிந்துவிட்ட சரித்திரம் இது. அந்தச் சரித்திரத்தை அறிந்தவர்களாலேயே கன்வர்ட்டரை எடுக்கலாமா என்ற கேள்விக்குச் சரியான விடை காண முடியும்.

மோட்டார் வாகனங்கள் பிறந்த நாளிலேயே சப்தத்துக்கும் சக்திக்கும் முடிச்சு விழுந்துவிட்டது. 1897-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் புகைக்குழாயின் ஓசையை அடக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் அக்காலத்துச் சைலன்சர்கள், துளையிட்ட தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, வெளியேறும் வாயுவைத் திரும்பத் திரும்ப முட்டிமோதச் செய்தவை. மூன்று நான்கு குதிரைத்திறன் மட்டுமே படைத்திருந்த யந்திரத்துக்கு அந்தத் தடை பெருஞ்சுமையாக இருந்தது. ஆகவே, மேடேறும்போது காலால் ஒரு நெம்புகோலை மிதித்தால் வாயு சைலன்சருக்குள் புகாமல் நேரே வெளியேறிவிடும்படியான 'கட் அவுட்' என்னும் ஏற்பாட்டைப் பல வண்டிகளில் வைத்திருந்தார்கள். நகரசபைகள் சட்டமியற்றி அந்த வழக்கத்தை ஒழித்தன. எனினும், குழாயைத் திறந்தால் வண்டி முழங்கும், முழங்கினால் மேடேறும் என்ற பாடம் ஓட்டுநர்களின் மனத்தில் பதிந்துவிட்டது. அந்த நாளைய யந்திரங்களைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரியான பாடம்.

அடுத்து வந்த டூ ஸ்ட்ரோக் யுகம் இந்தப் பாடத்தைச் சாஸ்திரமாகவே உயர்த்தியது. கிழக்கு ஜெர்மனியில், சாக்ஸனி மாநிலத்துச் சோப்பாவ் நகரில் இயங்கிய எம்.ஸெட். தொழிற்சாலையின் பந்தயப் பிரிவை நடத்திய வால்டர் காடன் என்னும் பொறியியல் மேதை, 1950-களில் புகைக்குழாயின் வடிவத்தை ஆராய்ந்து ஓர் அற்புதத்தைச் செய்தார். வெடித்த வாயு குழாய்க்குள் பாயும்போது எழும் அழுத்த அலை, விரிந்துசெல்லும் கூம்பில் மோதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி சிலிண்டரைச் சுத்தம் செய்கிறது. பின்னர் குறுகிச்செல்லும் கூம்பில் மோதி அழுத்தமாகத் திரும்பி, வெளியே தப்பியோடப் பார்க்கும் புதுக்கலவையை மீண்டும் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. இந்தத் தத்துவத்தைக் கொண்டு 125 சி.சி. யந்திரத்திலிருந்து 1961-ஆம் ஆண்டுக்குள் 25 குதிரைத்திறனை, அதாவது லிட்டருக்கு 200 குதிரைத்திறனை, அவர் பெற்றுக்காட்டினார். அதே ஆண்டில் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது தம் நாட்டைத் துறந்து வெளியேறி, அந்த வித்தையோடு ஜப்பானின் சுஸுகி ஸ்தாபனத்தைச் சென்றடைந்தார். மறு ஆண்டிலேயே 50 சி.சி. பிரிவின் உலகப் பட்டத்தை சுஸுகிக்கு வென்று கொடுத்தார். டூ ஸ்ட்ரோக் வண்டியில் புகைக்குழாய் யந்திரத்தின் ஓர் அங்கமே. அதை மாற்றினால் வண்டியின் குணமே மாறிவிடும்.

அந்த ஜப்பானிய வித்தைதான் பிற்பாடு நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. ராஜ்தூத், மைசூரில் உற்பத்தியான ஜாவா, யெஸ்டி ஆகிய பழைய வண்டிகளுக்குப் பின்னர், 1983-இல் ராஜ்தூத் 350-உம், 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுஸுகியும், 1985-இல் யமஹா ஆர்.எக்ஸ். 100-உம் இறங்கின. பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் இந்த வண்டிகளின் சைலன்சருக்குள் சில ஆயிரம் கிலோமீட்டர்களில் கரி படிந்து, வாயு செல்லும் வழி அடைபட்டு, வண்டி இழுக்கத் திணறும். அப்போது மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி, உள்ளிருக்கும் பேஃபிள் குழலை உருவித் தீயிலிட்டு, கரியைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டினால், வண்டி புதிதாய்ப் பிறந்ததுபோல் பாயும். பேஃபிளே இல்லாமல் ஓட்டியவர்களுக்கு ஓசை பன்மடங்காகக் கேட்டது. உயர்வேகத்தில் சற்றுத் துடிப்பும் கூடியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில், சிறப்புக் குழாய்கள் பூட்டிய சிறு வண்டிகள் அலறிக்கொண்டு பறந்ததைக் கண்ட தலைமுறை, வேகத்தின் ரகசியம் பின்னால் இருக்கும் குழாயில்தான் ஒளிந்திருக்கிறது என்று தீர்மானித்ததில் வியப்பொன்றுமில்லை. நம் பட்டறைகளின் நம்பிக்கை அங்கே பிறந்தது. அது பொய்யில் பிறந்ததல்ல.

கன்வர்ட்டரின் வம்சம் இதிலிருந்து வேறானது. 1943-ஆம் ஆண்டின் கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைக் கண்ணெரியச் செய்யும் புகைமூட்டம் ஒன்று கவிந்தபோது, எதிரிகள் விஷவாயுவை ஏவிவிட்டார்களோ என்று ஜனங்கள் அஞ்சினார்கள். 1950-களின் தொடக்கத்தில், நெதர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்துவந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்னும் ரசாயன அறிஞர், மோட்டார் வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் உமிழும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் கலந்து அந்த நச்சுமூட்டத்தை உண்டாக்குகின்றன என்று நிரூபித்தார். யூஜீன் ஹௌட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இந்த ஆராய்ச்சியைக் கண்டு கலங்கினார். கார் பந்தயத்தில் மோகம் கொண்டு, வேகமான வண்டிகளுக்கு உயர்ந்த பெட்ரோல் வேண்டும் என்ற வேட்கையால் வினையூக்கிகளை ஆராயப் புகுந்து, கச்சா எண்ணெயை வினையூக்கியால் பிளக்கும் முறையை உலகுக்கு அளித்தவர் அவர்தாம். அதே வினையூக்கிகளைக் கொண்டு புகையையும் தூய்மை செய்யலாம் என்று கண்டு, 1950-களில் அதற்கான கருவிக்குக் காப்புரிமையும் பெற்றார். வேகத்தை நேசித்த ஒருவர் படைத்த கருவியே வேகத்தின் சத்துரு என்று இன்று தூற்றப்படுகிறது.

ஹௌட்ரியின் கருவி அவர் ஆயுட்காலத்தில் கார்களில் ஏறவில்லை. தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் கண்டுபிடித்து, 1923 முதல் பெட்ரோலில் கலக்கப்பட்டுவந்த ஈயச் சேர்மம் வினையூக்கியின் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலற்றதாக்கிவிட்டது. ஹௌட்ரி 1962-இல் காலமானார். 1970-ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டம், வாகனப் புகையின் நச்சுகளைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும்படி கட்டளையிட்ட பிறகுதான், ஈயமற்ற பெட்ரோலும் கன்வர்ட்டரும் கைகோத்து 1975-ஆம் ஆண்டு வண்டிகளில் வந்தன.

முதல் பழி அப்போதுதான் விழுந்தது. ஈயமற்ற பெட்ரோலுக்கு ஏற்ப அமெரிக்க யந்திரங்களின் அழுத்த விகிதத்தை 1971 முதலே குறைத்திருந்தார்கள். குதிரைத்திறனைக் கணக்கிடும் முறையும் 1972-இல் மாறி, காகிதத்தில் எண்கள் சரிந்திருந்தன. நச்சுப்புகையைக் குறைக்கும் பொருட்டுத் தீப்பொறியின் நேரமும் கலவையும் மாற்றப்பட்டிருந்தன. இவ்வளவும் சேர்ந்து வண்டிகளைச் சோர்வடையச் செய்திருந்த வேளையில் வந்து சேர்ந்த புதுக்கருவியின் தலையில் எல்லாக் குற்றமும் ஏறிற்று. அந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு நியாயமும் உண்டு. அன்றைய கன்வர்ட்டர்கள் பலவற்றில், வினையூக்கி பூசிய சிறு உருண்டைகளைப் பரப்பிய படுக்கையின் ஊடாக வாயு நெருக்கியடித்துச் செல்ல வேண்டியிருந்தது. அது உண்மையாகவே மூச்சுத்திணறச் செய்தது. ஆனால் கார்னிங் ஸ்தாபனத்தின் விஞ்ஞானிகள் வடித்தெடுத்த பீங்கான் தேன்கூடு அந்த உருண்டைப் படுக்கையை விரைவில் விரட்டிவிட்டது. எங்கல்ஹார்ட் ஸ்தாபனத்தில் ஜான் மூனியும் கார்ல் கீத்தும் உருவாக்கிய மும்முனைக் கன்வர்ட்டர், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கையாண்டது. அது செவ்வனே இயங்க, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற விகிதம் காக்கப்பட வேண்டும். அதற்காகப் புகையில் எஞ்சிய பிராணவாயுவை அளக்கும் லாம்டா சென்சார் பிறந்தது. இவ்விரண்டும் 1970-களின் பிற்பாதியில் வோல்வோ கார்களில் முதன்முதலாக ஒன்று சேர்ந்தன.

மோட்டார் சைக்கிளுக்கு இந்தக் கருவி தாமதமாகவே வந்தது. டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்கள் நெருங்கிய தைவான் 1990-களில் அவற்றுக்குக் கன்வர்ட்டரைப் பூட்டியது, பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1991-இல் தன் கே வரிசை வண்டிகளில் சென்சாரோடு கூடிய மும்முனைக் கன்வர்ட்டரை அளித்தது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டு எம். சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் நெடிய விளைவாக, 1995 ஏப்ரல் முதல் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்குக் கன்வர்ட்டரும் ஈயமற்ற பெட்ரோலும் கட்டாயமாயின. 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் மறைந்தது. அவ்வாண்டின் கடுமையான இருசக்கர விதிகள் டூ ஸ்ட்ரோக் யுகத்தின் அந்திமத்தை நெருங்கச் செய்தன. எஞ்சியவற்றில் சில கன்வர்ட்டரைச் சுமந்து கொஞ்ச காலம் ஓடின. பின்னர் 2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) 4, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்று புகை விதிகள் இறுகின. பி.எஸ். 4 நடைமுறைக்கு வரும் தறுவாயில், ஏறக்குறைய எட்டு லட்சம் பழைய தர வண்டிகள் விற்பனைக்குத் தேங்கியிருந்தும், மக்களின் ஆரோக்கியமே பெரிது என்று சொல்லி அவற்றின் விற்பனையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது இந்தச் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க நிகழ்ச்சி.

இந்த மாற்றங்களின் நடுவே பழி மறுபடியும் தவறான இடத்தில் விழுந்ததற்குச் சென்னையின் புல்லட்டைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ஸ்தாபனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூடி நிறுவிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி, திருவொற்றியூர் ஆலையில் செய்துவந்த புல்லட்டின் இரும்பு யந்திரம், 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கனத்த ஃப்ளைவீலும் கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே காதில் விழும்படி ஓடியது. 2009-ஐ ஒட்டி அதற்குப் பதிலாக அலுமினிய யந்திரம் வந்தபோது, பழைய 'டுக் டுக்' போய்விட்டதே என்று ரசிகர்கள் வருந்தி, கன்வர்ட்டர்தான் குரல்வளையை நெரித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். வாஸ்தவத்தில் மாறியது யந்திரத்தின் உடலே: உலோகம், வால்வுகளை இயக்கும் முறை, தீப்பொறியின் நேரம், ஐட்லிங் வேகம் எல்லாம் மாறிவிட்டன. கன்வர்ட்டரை அறுத்துவிட்டு கோல்டி, லாங் பாட்டில், பஞ்சாபி சைலன்சர்களை மாட்டியவர்களுக்குக் கிடைத்தது உரத்த சப்தம். பழைய புல்லட்டின் தாளம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இனி தொடக்கத்தில் எழுந்த மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். முதலாவது சப்தம். வெடிப்பின் கனத்த ஓசையை அடக்குபவை சைலன்சரின் அறைகளே; கன்வர்ட்டரின் நுண்ணிய கண்ணறைகள் வாயுவை நூற்றுக்கணக்கான சிறு ஓடைகளாகப் பிரித்து, கூர்மையான இரைச்சலை மட்டுமே சற்று மழுக்குகின்றன. கன்வர்ட்டரை மாத்திரம் நீக்கி மூலச் சைலன்சரை அப்படியே விட்டுவைத்தால் ஓசை சிறிது உயரும், சிறிது கரகரக்கும். அதற்குமேல் ஒன்றும் நேராது. ஆனால் நம் வண்டிகள் பலவற்றில் கன்வர்ட்டர் சைலன்சரின் வயிற்றுக்குள்ளேயே வைக்கப்பட்டிருப்பதால், அதை எடுக்க உடலை அறுத்து, அறைகளைச் சிதைத்து, மறுபடி வெல்டிங் செய்ய வேண்டியிருக்கிறது. வீதியை அதிரவைக்கும் முழக்கம் இந்தச் சிதைவின் விளைவே. 80 முதல் 175 சி.சி. வரையிலான வண்டிக்கு 77 டெசிபெல், அதற்கு மேற்பட்டதற்கு 80 டெசிபெல் என்று விதி வகுத்திருக்கும் எல்லையை அது எளிதில் தாண்டிவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் 'பட் பட்'டென்று வெடிக்கும் ஓசையோ, எரியாத பெட்ரோல் சூடான குழாயில் தீப்பற்றுவதால் எழுவது. அது சக்தியின் அடையாளமாகாது.

இரண்டாவது உஷ்ணம். இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போது நியாயத்தோடு இருக்க வேண்டும். கன்வர்ட்டர் வேலைசெய்யும்போது எரியாத வாயுக்கள் அதனுள் எரிகின்றன. ஆகவே அது சூடாவது இயல்பு. சுமார் 300 டிகிரி வந்த பிறகே விழித்தெழுந்து, 400 முதல் 800 டிகிரி வரையில் இயங்குவது அதன் சுபாவம். யந்திரத்துக்கு அருகிலேயே கன்வர்ட்டர் அமைந்த வண்டியில், நெரிசலில் நிற்கும்போது ஓட்டுபவரின் காலில் அனல் வீசுவது உண்மை. அதை நீக்கினால் அந்த ஓரிடத்தில் அனல் குறைவதும் உண்மை. ஆனால் யந்திரத்தின் உஷ்ணம் வேறு விஷயம். சிலிண்டரில் எரியும் பெட்ரோலும், கலவையின் விகிதமும், குளிர்விக்கும் துடுப்புகளில் மோதும் காற்றும் அதைத் தீர்மானிக்கின்றன. பின்னால் இருக்கும் தேன்கூட்டுக்கு அதில் பெரும்பங்கு இல்லை. இன்றைய வண்டிகளின் கலவை, புகை விதிகளுக்கேற்ப, முன்னைவிடச் செறிவு குறைந்தது. பலர் உணரும் கூடுதல் உஷ்ணத்தின் மூலம் அங்கேயும் இருக்கிறது. கலவையைச் சரிசெய்யாமல் குழாயை மட்டும் திறந்துவிட்டால், சென்சாரின் கண்காணிப்புக்கு அப்பாற்பட்ட உயர்வேகத்தில் கலவை மேலும் நீர்த்துப்போய், தணிய வேண்டிய யந்திரம் அதிகமாகக் காயவும் கூடும்.

மூன்றாவது சக்தி. 350 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் யந்திரம் நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் ஓடும்போது ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 1,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. அன்றாடம் ஊருக்குள் ஓட்டும் வேகத்தில் அதில் பாதிகூட இல்லை. இந்த அளவு வாயுவை விடுவிக்கத் தற்காலத்து மெல்லிய தகட்டுத் தேன்கூட்டில் தாராளமான வழி இருக்கிறது. அதற்குப் பின்னுள்ள சைலன்சரின் தடையே அதைவிடப் பெரிது. ஆயிரம் சி.சி. பந்தய வண்டியின் உச்ச வேகத்தில் கன்வர்ட்டரை நீக்குவதால் சிறு லாபம் கிடைக்கலாம். அங்கேயும் பெரும்பகுதி லாபம், கூடவே செய்யப்படும் பெட்ரோல் அளவு மாற்றத்தாலும் முழுக் குழாய் மாற்றத்தாலும் வருவது. நம் சாலைகளின் 125, 150, 350 சி.சி. ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் அந்த லாபம் ஓட்டுபவரால் உணரத்தக்கதன்று. குழாயின் நீளமும் விட்டமும் கணக்கின்றி மாறும்போது அலைகளின் ஒழுங்கு குலைந்து, அன்றாடம் தேவைப்படும் தாழ்வேக இழுப்பு குறைவதே பல வண்டிகளில் மிச்சம். உரத்த ஓசையைக் கேட்கும் செவி, வண்டி விரைவதாக மனத்தை நம்பச் செய்துவிடுகிறது.

அப்படியானால் கன்வர்ட்டரை எடுத்தபின் பிக்கப் ஏறியதைத் தம் கண்ணாலேயே கண்டதாகச் சொல்லும் அனுபவசாலிகள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பிளக் சரியாகப் பிடிக்காமல் நெடுநாள் ஓடிய வண்டியிலும், எண்ணெய் குடிக்கும் யந்திரத்திலும், தேன்கூடு உருகியோ சாம்பல் படிந்தோ அடைபட்டுவிடும். அத்தகைய கன்வர்ட்டரை எடுத்தால் வண்டி நிச்சயமாகப் பாயும். கரியடைத்த பழைய சைலன்சரைச் சுத்தம் செய்தபோது பாய்ந்ததற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. அங்கே நோய் அடைப்பு. அதற்குப் பரிகாரம், அடைப்புக்குக் காரணமானதைச் சரிசெய்து புதிய கன்வர்ட்டரை வைப்பது. அடைபட்ட ஒன்றைக் கண்டு, நல்ல நிலையில் உள்ள ஆயிரத்தையும் அறுத்தெறிவது வைத்தியமாகாது. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்ட கூடு அது. அறுத்தெடுத்ததைப் பழைய சாமான் கடைகள் ஆவலோடு வாங்குவதற்குக் காரணமும் அதுவே.

ஒழுங்காகச் சூடேறிய ஒரு நல்ல கன்வர்ட்டர் நச்சு வாயுக்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழித்துவிடுகிறது. கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடும் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்பனுமே அனுமதிக்கப்பட்ட பி.எஸ். 6 வண்டியிலிருந்து அதை நீக்கினால், அந்த ஒரு வண்டி பத்து வண்டிகளின் நஞ்சை உமிழத் தொடங்குகிறது. அந்த நஞ்சை முதலில் சுவாசிப்பவர் சிக்னலில் பின்னால் நிற்கும் மனிதர்; அவர் மடியில் பள்ளிக்குச் செல்லும் குழந்தையும் இருக்கக்கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 190-ஆம் பிரிவு காற்றையும் அமைதியையும் கெடுப்பவருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ அல்லது இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி விடுவதைக் காட்டிலும் உண்மையை அறிந்து விடுவதே மேலானது.

ஆகவே, பட்டறையில் உழைக்கும் கைத்தொழில் நிபுணர்களுக்கும் வண்டியை நேசிக்கும் இளைஞர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் ஆசான்கள் கற்பித்தது டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு மெய். அந்த அறிவைப் போற்றுங்கள், அதை அந்த வண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டி இழுக்காவிட்டால் ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் செயினையும் டயரின் காற்றையும் முதலில் பாருங்கள். காலில் சுட்டால் வெப்பத் தடுப்புத் தகட்டைப் பொருத்துங்கள். கன்வர்ட்டர் அடைபட்டிருந்தால் புதிதாக மாற்றுங்கள். நல்ல நிலையிலுள்ள கன்வர்ட்டரில் மட்டும் அறுவை வாளை வைக்காதீர்கள்.